கம்பியும் கம்பியும் கூடுமிடம்

படப்பை என்னும் சொல் சங்க இலக்கியம் பயின்றோர்க்குப் புதியதன்று. மனையை ஒட்டிய தோட்டம், கொல்லை என்னும் பொருளில் பழம்பாடல்களில் அது பயில்கிறது. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் நெடுஞ்சாலையில் அப்பெயரையே தாங்கி ஓர் ஊர் இருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்வரை பெயருக்கேற்ற ஊராகத்தான் இருந்தது. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலையும், 2012-இல் டைம்லர் கனரக வாகன ஆலையும் திறக்கப்பட்டன. இவற்றைத் தொடர்ந்து சாலையின் இருமருங்கும் நிலத்தின் தொழில் மாறிப்போனது. இன்று படப்பையில் தோட்டங்களைக் காட்டிலும் எளிதில் கண்ணில் படுவது வேறொன்று. வீடுகளின் மொட்டை மாடியில், மூலைக்கு நான்காக, வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் துருவேறிய இரும்புக் கம்பிகள்.

இக்கம்பிகள் படப்பைக்கு மட்டும் உரியவை அல்ல. தமிழகத்தின் எந்த ஊர் மாடியில் ஏறி நின்றாலும் காணலாம். மகனுக்குத் திருமணம் ஆகும்போதோ, வெளிநாட்டுப் பணம் வரும்போதோ, ஆலைத் தொழிலாளர்க்கு வாடகைக்கு விட நினைக்கும்போதோ, மேலே ஒரு தளம் எழுப்ப வேண்டும் என்பதற்காக விட்டு வைத்தவை. 'கம்பி விட்டிருக்கிறோம்' என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார். அந்தக் கம்பி எத்தனை அடி நீட்டி விடப்பட்டிருக்கிறது, ஏன் அத்தனை அடி என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. அந்த நீளத்திற்கு ஒரு வரலாறு உண்டு. கான்கிரீட்டுக்குள் ஒரு கம்பி முடிந்து மற்றொரு கம்பி தொடங்கும் இடத்தை மனிதர்கள் எப்படியெல்லாம் இணைத்து வந்திருக்கிறார்கள் என்னும் வரலாறு அது. கட்டடக் கலை என்றால் விமானம், கோபுரம், கற்றளி என்று மட்டுமே எழுதிப் பழகிய நாம், நம் தலைக்கு மேலேயே நிகழ்ந்துவரும் இக்கலையையும் ஒருமுறை வரலாற்றுக் கண்கொண்டு காண்பது தகும்.

தோட்டக்காரர் தந்த கலை

கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. நம் கோயில் மண்டபங்களில் தூண்கள் இத்தனை நெருக்கமாக நிற்பதற்கு அழகு மட்டும் காரணமன்று. இரண்டு தூண்களின் மேல் கிடக்கும் கல் உத்தரம் தன் எடையால் வளைய முற்படும்போது, அதன் அடிப்பகுதி இழுபடுகிறது. இடைவெளி கூடினால் உத்தரம் அடியில் விரிந்து முறியும். அதனால்தான் பெரிய மண்டபம் வேண்டுமாயின் நூறு, ஆயிரம் எனத் தூண்களைப் பெருக்க வேண்டியிருந்தது. பிற்காலத்தில் வந்த மதராஸ் டெரஸ் கூரையில் தேக்கு உத்தரங்கள் இழுவையைத் தாங்கின. அவற்றின்மேல் செங்கல்லைச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை இட்டனர். அங்கே அறையின் அகலத்தை மரத்தின் நீளம் தீர்மானித்தது.

கான்கிரீட்டும் ஒருவகைக் கல்லே. அதே வலிமையும் அதே குறையும் உடையது. இழுபடும் இடத்தில் இரும்பை உள்ளே வைத்துவிட்டால் குறை நீங்கும் என்பதுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு. 1867-இல் இதற்குக் காப்புரிமை பெற்ற ஜோசப் மோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் தொழிலால் தோட்டக்காரர். செடி வைக்கும் தொட்டிகள் உடையாமலிருக்க இரும்புக் கம்பி வலையைச் சுற்றிச் சிமெண்டு பூசினார். தோட்டத்தில் பிறந்த அக்கலைதான் தோட்டம் என்று பெயர்கொண்ட இவ்வூரை இன்று மூடியிருக்கிறது. 1892-இல் பிரான்சுவா ஹென்னபிக் தூண், உத்தரம், தளம் மூன்றையும் ஒரே உடலாக வார்க்கும் முறைக்கு உரிமை பெற்றார். தமிழகத்திலும் ஆர்வம் விரைவில் தொற்றியது. 1904-இல் மதராசில் கடற்சிப்பிகளைக் கொண்டு போர்ட்லண்டு சிமெண்டு செய்யும் முயற்சி நடந்தது. இந்தியாவின் முதல் முயற்சியாக அதைக் குறிப்பர். அது நிலைக்கவில்லை.

ஒரே உடலாக வார்க்கும் இம்முறையில் ஒரு சிக்கல் உண்டு. கான்கிரீட்டை எவ்வளவு நீளத்துக்கும் ஊற்றலாம். கம்பிக்கு நீளம் உண்டு. உருட்டாலையில் வெட்டி, லாரியில் ஏற்றி, சந்து பொந்துகளில் திருப்பிக் கொண்டுவர வேண்டிய பொருள் அது. இன்று இந்தியாவில் வழக்கமான நீளம் 12 மீட்டர், அதாவது ஏறக்குறைய 40 அடி. பத்து மாடித் தூணுக்கு ஒரே கம்பி கிடையாது. கிடைத்தாலும் அதை நிமிர்த்தி நிறுத்த முடியாது. ஆகவே இணைப்பு தவிர்க்க முடியாதது.

கட்டுக்கம்பி எதையும் தாங்குவதில்லை

இணைப்புகளுள் மூத்தது, இன்றும் மிகப் பெரும்பான்மையானது, கட்டட வேலையில் 'லேப்' என்று வழங்கும் முறை. ஒரு கம்பியின் முனையும் அடுத்த கம்பியின் முனையும் குறிப்பிட்ட நீளத்துக்குப் பக்கம் பக்கமாகப் படுக்குமாறு வைத்து, மெல்லிய கட்டுக்கம்பியால் மூன்று நான்கு இடங்களில் கட்டுவார்கள். கொக்கி போன்ற சிறு கருவியால் கட்டுக்கம்பியின் இரு நுனியையும் கோத்து இரண்டு சுற்றுச் சுற்றும் அந்தக் கைவேகம் காணத் தக்கது.

இதைப் பார்ப்பவர்கள் கொள்ளும் முதல் தவறான எண்ணம், அந்தக் கட்டுதான் இரு கம்பிகளையும் சேர்த்துப் பிடிக்கிறது என்பது. கட்டுக்கம்பியின் வேலை கான்கிரீட் இறுகும்வரை கம்பிகள் இடம்பெயராமல் காப்பது மட்டுமே. இறுகியபின் அது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இழுவை முதல் கம்பியிலிருந்து அதைச் சுற்றிய கான்கிரீட்டுக்கும், கான்கிரீட்டிலிருந்து இரண்டாம் கம்பிக்கும் கை மாறுகிறது. இடையில் உள்ள கான்கிரீட்டே உண்மையான முடிச்சு. கம்பியைக் கான்கிரீட் எவ்வளவு இறுகப் பற்றுகிறதோ, அந்தப் பற்றுக்கு ஏற்ற நீளம் இருந்தால்தான் முழு விசையும் கைமாறும். நீளம் குறைந்தால் கம்பி அறாது, உருவிக்கொண்டு வரும்.

தொடக்க காலக் கம்பிகள் வழவழப்பானவை. கான்கிரீட்டின் ஒட்டுதலும் உராய்வுமே அவற்றைப் பற்றின. அதனால் முனையைத் தூண்டில் முள் போல வளைத்து விடுவது வழக்கமாயிற்று. பற்று எவ்வளவு என்பதை எண்ணால் அளந்து காட்டிய பெரும் ஆய்வு, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டஃப் ஏப்ரம்ஸ் நடத்தி 1913-இல் வெளியிட்டது. அதற்குப் பிறகுதான் 'இத்தனை அங்குலம் மேவ வேண்டும்' என்பது அனுபவப் பேச்சிலிருந்து கணக்காக மாறத் தொடங்கியது.

நம் ஊரில் அந்தக் கணக்கு வேறொரு மொழியில் வழங்கியது. ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது தச்சரும் கொத்தரும் கொண்ட அளவை. கால் அங்குலக் கம்பி இரண்டு நூல். இன்றைய 10 மில்லிமீட்டர் கம்பி மூன்று நூல். 12 மில்லிமீட்டர் நான்கு நூல். 16 மில்லிமீட்டர் ஐந்து நூல். மெட்ரிக் அளவை நாட்டில் நடைமுறைக்கு வந்து அறுபது ஆண்டுகள் கடந்த பின்னும் இரும்புக் கடையில் 'மூணு நூல் கம்பி' என்று கேட்டால் சரியான கம்பியை எடுத்துத் தருகிறார்கள். லேப் நீளத்தைக் கம்பிக் கனத்தின் மடங்காகச் சொல்வதும் அவ்வாறே மேஸ்திரிகளின் வாய்மொழியில் நிலைத்தது. 'அம்பது மடங்கு விடு' என்பது அவ்வாய்மொழிச் சூத்திரங்களுள் ஒன்று. ஐந்து நூல் கம்பிக்கு அது 800 மில்லிமீட்டர், சற்றேறக்குறைய இரண்டே முக்கால் அடி.

1953-இல் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 முதன்முதலாக வெளிவந்தது. அதே ஆண்டுகளில்தான் சென்னை அண்ணா சாலையில் இன்றைய எல்.ஐ.சி. கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. 1959-இல் திறக்கப்பட்ட அது, சுவர் தாங்கும் கட்டடங்களிலிருந்து கான்கிரீட் தூண்கள் தாங்கும் கட்டடங்களுக்கு இந்நகரம் மாறியதன் அடையாளம். சுவர் தாங்கும் வீட்டில் கம்பியின் இணைப்பு ஒரு சிறு செய்தி. தூண் தாங்கும் வீட்டில் ஒவ்வொரு மாடியிலும், ஒவ்வொரு தூணிலும், ஒவ்வொரு கம்பியிலும் ஓர் இணைப்பு. மாற்றம் அவ்வளவு பெரியது.

முறுக்குக் கம்பி

வழவழப்பான கம்பியின் பற்றுக் குறையைப் போக்க முதலில் நினைத்த வழி முறுக்குவது. எர்னஸ்ட் ரான்சம் என்பவர் 1884-இலேயே சதுரக் கம்பியை முறுக்கிப் பயன்படுத்த அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். 1930-களில் ஆஸ்திரியாவில் இரண்டு கம்பிகளைப் பின்னிய 'இஸ்டெக்', அதன் வழிவந்த 'டார்' எஃகு ஆகியன தோன்றின. குளிர்நிலையில் முறுக்கும்போது இரும்பின் வலிமை கூடுகிறது. மேற்பரப்பில் ஓடும் வரப்புகள் கான்கிரீட்டைக் கவ்விப் பிடிக்கின்றன. ஒரே வினையில் இரண்டு பயன். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1786 இக்கம்பிக்காக 1961-இல் வந்தது. அடுத்த முப்பது ஆண்டுகள் தமிழகக் கட்டடங்களில் முறுக்குக் கம்பியின் காலம் எனலாம். வரப்புள்ள கம்பிக்குத் தூண்டில் வளைவு கட்டாயமில்லை. நேராக மேவினாலே போதும். கம்பி வளைப்பவரின் வேலையில் ஒரு பகுதி அத்துடன் குறைந்தது.

1990-களில் முறுக்கு மறைந்தது. உருட்டாலையிலிருந்து செந்தணலாக வெளிவரும் கம்பியின்மீது நீரைப் பீய்ச்சி, புறத்தோலைக் கடினமாகவும் உள்ளகத்தை நெகிழ்வாகவும் ஆக்கும் டி.எம்.டி. முறை பரவியது. இக்கம்பியை யாரும் முறுக்குவதில்லை. ஆயினும் விளம்பரப் பலகைகளில் இன்றும் அது 'டி.எம்.டி. முறுக்குக் கம்பி'. பொருள் மாறிய பின்னும் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது மொழி பயில்வோர்க்கு வியப்பளிக்காது. பெயரோடு பழைய கணக்கும் ஒட்டிக்கொண்டதுதான் கவலைக்குரியது.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ஐ.எஸ். 456-இன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, வீடுகளில் பரவலாக இடப்படும் எம் 20 தரக் கான்கிரீட்டில், முறுக்குக் காலத்து எஃப்.இ. 415 தரக் கம்பி உத்தரம் போன்றவற்றில் இழுவையைத் தாங்க அதன் கனத்தைப் போல் 47 மடங்கு மேவ வேண்டும். மேஸ்திரியின் ஐம்பது மடங்கு இதற்குப் போதுமானது. ஒரு சிறு மிகுதியும் உண்டு. இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் எஃப்.இ. 500, 550 தரத்தவை. அதே கான்கிரீட்டில் 500 தரத்துக்கு 57 மடங்கும், 550 தரத்துக்கு ஏறத்தாழ 62 மடங்கும் வேண்டும். கம்பி வலிமையானால் லேப் குறையலாம் என்று தோன்றும். நடப்பது அதற்கு எதிர். மிகுந்த விசையைச் சுமக்கும் கம்பி, அவ்விசையைக் கைமாற்ற மிகுந்த நீளத்தைக் கேட்கிறது. கம்பி வலுத்தது, கான்கிரீட்டின் பற்று அதே அளவில் நின்றது, வாய்மொழிச் சூத்திரமும் நின்றுவிட்டது. நல்ல கம்பி வாங்கிப் போட்டிருக்கிறோம் என்னும் நிறைவே குறைவான லேப்பை மறைத்துவிடுகிறது.

நெருப்பின் இணைப்பு

மேவ விடுவதற்குப் பதில் பற்றவைத்து விடலாமே என்னும் எண்ணம் இயல்பானது. மென் எஃகுக் கம்பிகளைப் பற்றவைக்க 1966-இலும், முறுக்குக் கம்பிகளைப் பற்றவைக்க 1979-இலும் இந்தியத் தரநிலைகள் வந்தன. ஜப்பானில் இரு முனைகளையும் வாயுச் சுடரால் சூடாக்கி, அழுத்தி ஒன்றாக்கும் முறை பெருவழக்காகவே வளர்ந்தது. நம்மிடம் அது வீட்டுக் கட்டுமானத்தில் வேரூன்றவில்லை. முறுக்கால் வந்த வலிமையும் நீர்ப்பாய்ச்சலால் வந்த வலிமையும் மிகு வெப்பத்தில் குலையக்கூடியவை. கம்பியின் கரி அளவு, மின்வாயின் வகை, வெயில், மழை, பற்றவைப்பவரின் கைத்திறன் அனைத்தும் ஒத்துவர வேண்டும். தரநிலையே இழுவையில் உள்ள பற்றவைப்பின் வலிமையை, கடுமையான மேற்பார்வை முதலிய நிபந்தனைகள் நிறைவேறாதவரை, கம்பியின் வலிமையில் 80 விழுக்காடாகத்தான் கணக்கிடச் சொல்கிறது. 36 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருத்த கம்பிகளுக்கு லேப் பொதுவாகக் கூடாது என்றும் அது விதிக்கிறது. அப்பருமனில் பற்றவைப்புக்கு இடம் இருந்தது. பிறவிடங்களில் லேப்பே ஆண்டது.

2001

இணைப்பின் நீளம் ஒரு கேள்வி. இணைப்பின் இடம் மற்றொரு கேள்வி. இரண்டாவதைத் தமிழகத்தின் முன் வலுவாக வைத்த ஆண்டு 2001.

அவ்வாண்டு ஜனவரி 26 அன்று குஜராத்தின் புஜ் பகுதியில் நிலம் நடுங்கியது. நடுக்கத்தின் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் கான்கிரீட் தூண்களில் நின்ற அடுக்கு மாடிக் குடியிருப்புகள் சரிந்தன. தரைத்தளத்தைச் சுவரின்றி வாகனங்களுக்கு விட்டது முதன்மைக் காரணங்களுள் ஒன்று. தூணில் ரிங்குகளை அகல அகல இட்டதும், கம்பிகளைத் தளத்தின் மேல் ஒட்டினாற்போல இணைத்ததும் பொறியாளர்கள் சுட்டிய குறைகளுள் அடங்கும். அதே ஆண்டு செப்டம்பர் 25 இரவு, புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவிலான நடுக்கம் தோன்றிச் சென்னை வரை உணரப்பட்டது. மக்கள் தெருக்களில் நின்றதை நம்மில் பலர் நினைவுகூரலாம். 2002-இல் திருத்தி வெளியிடப்பட்ட நிலநடுக்க வரைபடத்தில் சென்னைப் பகுதி இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது.

வரைபடத்தில் நிறம் மாறியதால் கட்டடத்தில் என்ன மாறும்? நிலநடுக்கத்தைத் தாங்கும் வகையில் கம்பி அமைப்பதற்கான ஐ.எஸ். 13920 என்னும் தரநிலை 1993-இலேயே வந்திருந்தது. மூன்றாம் மண்டலத்தில் தொழிற்சாலைக் கட்டடங்களையும் ஐந்து மாடிக்கு மேற்பட்டவற்றையும் அது அப்போதே தன் ஆட்சிக்குள் வைத்தது. பின்னர் அம்மண்டலத்தின் எல்லாக் கான்கிரீட் கட்டடங்களுக்கும் விரிந்தது. தொழிற்சாலைகள் பெருகத் தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்துக்கு இது நேரடியாகப் பொருந்தும் செய்தி.

அத்தரநிலை தூணின் லேப்பைப் பற்றிச் சொல்வது சுருக்கமானது. தூணின் நடுப்பாதி உயரத்திற்குள் இணைக்க வேண்டும். ஒரே மட்டத்தில் பாதிக் கம்பிகளுக்கு மேல் இணைக்கலாகாது. இணைக்கும் இடம் முழுதும் ரிங்குகளை நெருக்கி இட வேண்டும். காரணமும் எளியது. நிலம் பக்கவாட்டில் அசையும்போது தூண் அடியிலும் தலையிலும் மிகுதியாக வளைகிறது, நடுவில் குறைவாக. வளைவு மிகுந்த இடத்தில் கம்பி மாறி மாறி இழுபட்டு, வரப்புகள் சுற்றியுள்ள கான்கிரீட்டை வெளிப்புறமாகத் தள்ளிப் பிளக்கும். ரிங்கு நெருக்கமாக இல்லையேல் கான்கிரீட் உதிரும். உதிர்ந்தால் முடிச்சே அவிழ்ந்தது.

இப்போது படப்பையின் மொட்டை மாடிக்குத் திரும்பி வருவோம். அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி எங்கே இணைக்கப்படும்? தளத்தின் மட்டத்திலேயே, தூணின் அடியில். எல்லாக் கம்பிகளும் ஒரே மட்டத்தில். வளைவு மிகுந்திருக்கும் என்று தரநிலை அஞ்சும் அதே இடம். இதைச் சோம்பல் என்று தள்ளிவிட இயலாது. தளத்தின் மேல் நின்றபடி கட்டுவது கைக்கு எளிது. நடு உயரத்தில் இணைக்க வேண்டுமானால் கம்பிகள் ஐந்து, ஆறு அடிக்கு மேல் நீட்டி நிற்க வேண்டும். அவை காற்றில் ஆடும், இடறும், செலவும் கூடும். மேல்தளம் என்று வரும் என்பதும் தெரியாது. தன் எடையை மட்டும் தாங்கி நிற்கும் வரை அவ்வீட்டுக்குக் குறை தெரியப்போவதில்லை. நடுங்கும் நாளில்தான் தெரியும்.

துருவும் இதனோடு சேர்கிறது. மேலோட்டமான துரு கான்கிரீட்டின் பற்றைக் கெடுப்பதில்லை. பத்து ஆண்டு மழையில் செதில் செதிலாக உதிரும் துரு, வரப்பையும் கனத்தையும் ஒருசேரத் தின்றுவிடும். விட்ட கம்பியை மெலிந்த கான்கிரீட்டால் மூடி வைப்பது ஒரு நல்ல வழக்கம். தளம் எழுப்பும்போது அதை உடைத்து நீக்கிக்கொள்ளலாம். வெறும் கம்பியின் தலையில் தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்ப்பது கண்ணைக் காக்கும், கம்பியைக் காக்காது.

மரையும் குழலும்

மூன்றாவது முறை, கம்பி முனைகளில் மரை வெட்டி, உட்புறம் மரையுள்ள சிறு எஃகுக் குழலால் இரண்டையும் திருகி இணைப்பது. 'கப்ளர்' என்பது அதன் வழக்குப் பெயர். மரை வெட்டினால் கம்பி மெலியும். மெலிந்த இடத்தில் அறும். இதற்கு ஒரு விடை, வெட்டும் முன் முனையைக் குளிர்நிலையில் அழுத்திப் பருக்கச் செய்வது. பருத்த முனையில் மரை வெட்டிய பின்னும் மூலக் கனம் குறைவதில்லை. மற்றொரு விடை, கூம்பு வடிவில் மரை வெட்டுவது. மரையே இல்லாமல், இரு முனைகளையும் ஒரு குழலுக்குள் செருகிச் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தும் முறையும் உண்டு. 1960-களின் இறுதியில் ஆல்ஃபிரட் யீ என்னும் ஹவாய் பொறியாளர் வகுத்த இம்முறை, ஹொனலூலுவின் ஆலா மொவானா விடுதியில் பயன்பட்டது. ஆலையில் வார்த்து எடுத்து வந்து அடுக்கும் கட்டடத் துண்டுகளுக்கு அது பெரிதும் உதவுகிறது.

இம்முறையில் விசை கான்கிரீட்டின் வழியாகக் கைமாறுவதில்லை. எஃகிலிருந்து எஃகுக்கே செல்கிறது. கான்கிரீட் உதிர்ந்தாலும் இணைப்பு நிற்கும். சிக்கனமும் உண்டு. எம் 25 தரக் கான்கிரீட்டில் 32 மில்லிமீட்டர் கனமுள்ள 500 தரக் கம்பி ஒன்றரை மீட்டருக்கும் சற்று அதிகமாக மேவ வேண்டும். ஓர் இணைப்புக்கு ஏறத்தாழ 10 கிலோ இரும்பு. தூணுக்கு இருபது கம்பி என்றால் மாடிக்கு மாடி 200 கிலோ. அதைவிடப் பெரிது இட நெருக்கடி. இருபது கம்பி மேவும் மட்டத்தில் நாற்பது கம்பி நிற்கும். இடையில் ஜல்லி இறங்க வழியிராது. மெல்லிய கம்பியில் இந்தச் சிக்கனம் இல்லை. எனவே சிறு வீடுகளில் கப்ளருக்கு வேலையும் இல்லை.

கப்ளருக்கெனத் தனி இந்தியத் தரநிலை, ஐ.எஸ். 16172, 2014-இல்தான் வந்தது. இணைப்பை இழுத்துவிட்டபின் எஞ்சும் நழுவல் 0.10 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. ஒரு தாளின் கனம். ஐம்பது மடங்கு என்று வாயால் சொல்லிய கலை, நூறு ஆண்டில் தாளின் கனத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஒரகடம் வட்டாரத்தில் இரு காலங்களும் அருகருகே வாழ்கின்றன. பெரிய ஆலைகளின் கொட்டகைகள் பெரும்பாலும் எஃகுச் சட்டகங்கள். அவற்றின் அடித்தளமும் இயந்திரம் அமரும் தளமும் கான்கிரீட். வல்லம் வடகாலில் சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதி 18,720 பேர் தங்கத் தக்கது. இத்தகைய பெரும் பணிகளுக்கு வரைபடம் உண்டு, ஆய்வுக்கூடச் சான்று உண்டு, கான்கிரீட் இடும் முன் கையொப்பம் உண்டு. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், அதே ஆலைகளில் வேலை செய்வோர்க்கு வாடகைக்கு விடுவதற்காக எழும் மூன்றாம் தளத்துக்கு, பதினைந்து ஆண்டுக்கு முன் விட்ட துருக்கம்பியும் ஒரு மேஸ்திரியின் நினைவும் மட்டுமே துணை. தரநிலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

அடைப்புக்குறிக்குள் ஒரு தொழிலாளி

இந்த வரலாற்றில் காப்புரிமை பெற்றவர்களின் பெயர் இருக்கிறது. தரநிலைகளின் எண் இருக்கிறது. கட்டியவர்களின் பெயர் இல்லை. தமிழ்நாட்டில் 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. அதன் தொழில் பட்டியலில் கல் உடைப்பவர், கொத்தனார், தச்சர் என்று வரிசை செல்கிறது. கம்பி வேலை செய்பவருக்குத் தனி வரி இல்லை. 'ஃபிட்டர், கம்பி வளைப்பவர் உட்பட' என்னும் பொருள்பட ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறார். உட்பட என்பதுதான் அவருடைய இடம்.

அவருடைய வேலையின் ஆயுள் விந்தையானது. கொத்தனாரின் சுவரைப் பார்க்கலாம். தச்சரின் கதவைத் தொடலாம். கம்பி கட்டியவரின் வேலை, கட்டி முடித்ததற்கும் கான்கிரீட் இடுவதற்கும் இடைப்பட்ட சில மணி நேரம் மட்டுமே உலகின் கண்ணில் படுகிறது. பிறகு அக்கட்டடம் இடிந்தாலொழிய யாரும் அதைக் காணப்போவதில்லை. நன்றாகச் செய்த வேலைக்குச் சான்று இல்லை. மோசமாகச் செய்த வேலைக்குப் பேரழிவே சான்று. ஆகவே அந்தச் சில மணி நேரம் மிக அரியது. வீடு கட்டும் எவரும் அப்போது ஒரு நாடாவோடு நின்று நான்கு கேள்வி கேட்கலாம். லேப் எத்தனை மடங்கு? கம்பியின் தரத்துக்கு அது போதுமா? எல்லாக் கம்பியும் ஒரே மட்டத்தில் இணைகின்றனவா? அவ்விடத்தில் ரிங்கு நெருக்கமாக இருக்கிறதா? விடையைப் பொறியாளர் ஒருவரிடம் சரிபார்த்துக்கொள்ள ஆகும் செலவு, அந்த வீட்டின் செலவில் மிகச் சிறியது.

மொழி சார்ந்த ஒரு செய்தியும் உண்டு. ஒருகாலத்தில் வட தமிழகத்து ஊர்களிலிருந்து வந்தோர் செய்த இவ்வேலையை, இவ்வட்டாரத்துப் பெரும் கட்டுமானங்களில் இன்று பீகார், ஒடிசா, வங்கம் முதலிய இடங்களிலிருந்து வந்த இளைஞர்களும் பெருமளவில் செய்கின்றனர். நூல், லேப், ரிங்கு, கட்டுக்கம்பி என்று தமிழும் ஆங்கிலமும் கலந்து வழங்கிய சொற்களோடு இப்போது இந்திச் சொற்களும் கலக்கின்றன. அதில் வருந்த ஏதுமில்லை. கட்டடக்காரரின் மொழி எக்காலத்தும் கலந்தே வந்திருக்கிறது. ஆனால் மூத்த மேஸ்திரிகளின் வாய்மொழிக் கணக்குகள், அவை எந்தக் கம்பிக்கு எந்தக் காலத்தில் பொருந்தின என்னும் விளக்கத்தோடு, எழுத்தில் பதிவாகாமலேயே மறைந்து வருகின்றன. கல்வெட்டில் ஒரு நில அளவுகோலின் நீளத்தைக் கண்டால் நாம் எவ்வளவு மகிழ்கிறோம்! அத்தகைய அளவை ஒன்று நம் தெருவில் இன்றும் உயிரோடு பேசப்படுகிறது. வாசகர்களுள் எவரேனும் தத்தம் ஊர் மேஸ்திரிகளிடம் இக்கணக்குகளைக் கேட்டு எழுதி வைத்தால், அது தமிழுக்கும் கட்டட வரலாற்றுக்கும் ஒருங்கே பயன்படும்.

எழுதும்போது கம்பியின் தரத்தையும் ஆண்டையும் உடன் குறிக்க மறவாதீர்கள். அவ்விரண்டும் இல்லாமல் நின்றுபோனதால்தான் ஐம்பது மடங்கு என்னும் நல்ல கணக்கு, இன்று பல வீடுகளில் குறைந்த கணக்காகிவிட்டது.